எத்தனை ஓம் என்று கேட்டேன்

தீபாவளி நெருங்கினால் நம் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துத் தாமான்களிலும் முறுக்கு வாசம் வருகிறதோ இல்லையோ, இளைஞர்களின் கார்களிலிருந்து 'திம் திம்' என்ற சத்தம் வந்துவிடுகிறது. சன்னல் கண்ணாடி அதிர்கிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்துக்கொள்கிறது. பெற்றவர்கள் நாம் திட்டுகிறோம். அந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது, அதில் எவ்வளவு பணம் போயிருக்கிறது, பையன் அதைச் சரியாக மாட்டியிருக்கிறானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வராததும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

பேரப்பிள்ளை எடுத்தவளுக்கு ஆம்பிளிஃபயரில் என்ன வேலை என்று வாசகர்கள் சிரிக்க வேண்டாம். 1982-ஆம் ஆண்டில் எஸ்.ஆர்.பி. முடித்த கையோடு நான் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவள். எங்கள் தோட்டம் நிபோங் தெபால் பக்கம். அப்பா, அம்மா இருவருமே பால்வெட்டுத் தொழிலாளர்கள். விடியற்காலை நாலரை மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரி ஏறி, அக்கரையில் இன்னொரு பஸ் பிடித்துப் பாயான் லெப்பாஸ் போய்ச் சேர வேண்டும். 1985-இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகுதான் அந்த ஃபெர்ரி ஓட்டம் ஓய்ந்தது. எங்களைப் போல எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் அப்படிப் போனார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் தம்பிமார் படித்தார்கள். தங்கைமார் கழுத்தில் தாலி ஏறிற்று.

எனக்குக் கிடைத்தது கார் ரேடியோ பிரிவு. முதலில் ஈயம் வைக்கும் வேலை. 1984-இல் பரிசோதனை மேசைக்கு மாற்றினார்கள். 1996-இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் வரும்வரை அந்த மேசைதான் எனக்கு உலகம். ரேடியோவின் ஒலிபெருக்கிக் கம்பிகளில் ஒலிபெருக்கியை மாட்ட மாட்டோம். அதற்குப் பதிலாக 4 ஓம் மின்தடை ஒன்றை மாட்டுவோம். ஒரே சுருதியில் ஒரு ஒலியை உள்ளே அனுப்பி, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். எதிரே ஆசிலோஸ்கோப் என்ற பெட்டியின் திரையில் பச்சை நிறத்தில் அலை ஓடும். மேடும் பள்ளமுமாக, வளைவு வளைவாக அழகாக இருக்கும். கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அந்த மேட்டின் தலை தட்டையாகிவிடும், கத்தியால் சீவினாற்போல. ஆம்பிளிஃபயருக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை என்று அர்த்தம். சொன்ன வாட்டுக்கு முன்னாலேயே தலை தட்டையானால் அந்த ரேடியோவில் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு அலைகளைப் பார்த்திருப்பேன்! கண்ணை மூடினாலும் பச்சை அலைதான் ஓடும்.

இதையெல்லாம் என் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஆனால் என் தொழிற்சாலைக் காலத்தைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம், நான் மிகைநேரம் செய்து வாங்கிய தையல் இயந்திரம் ஒன்றைத்தான். 1987-இல் போனஸ் பணத்தில் முள் ஓடும் மீட்டர் ஒன்றும் வாங்கினேன். அது பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. இஸ்திரிப்பெட்டி, சோற்றுக்குக்கர் கெட்டால் எடுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

இனிக் கதைக்கு வருகிறேன். 2023-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். சின்னவன் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். பழைய புரோட்டோன் இஸ்வாரா ஒன்று வைத்திருக்கிறான். உருமி மேளப் பாட்டு என்றால் அவனுக்கு உயிர். அந்த உருமியின் அடித்தொண்டை முனகல் சாதாரண ஒலிபெருக்கியில் எடுபடாது. அதற்குப் பெரிய வட்டு வேண்டும், பெரிய பெட்டி வேண்டும் என்பது உண்மைதான். ஒரு சனிக்கிழமை மாலை காரின் பூட்டைத் திறந்து காட்டினான். பத்து அங்குல சப்வூஃபர் இரண்டு. பக்கத்தில் பளபளவென்று ஓர் ஆம்பிளிஃபயர். மூடியில் '3000 வாட்' என்று பொன்னெழுத்து. எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி, மூன்று மாதச் சேமிப்பு.

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு சப்வூஃபரின் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஒரே இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

"எத்தனை ஓம்டா இது?" என்றேன்.

அவன் சிரித்தான். கூட வந்த நண்பனும் சிரித்தான். "மா, நீ போய்க் கோழிக்கறியப் பாரு. அதெல்லாம் கடைக்காரரு பாத்துக்கிட்டாரு."

நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த இரண்டாவது வாரம், துணி எடுக்கப் புக்கிட் மெர்தாஜாம் போனோம். நானும் நான்கு வயதுப் பேத்தியும் பின்னிருக்கையில். போகும்போதே பாட்டு ஒரு மாதிரியாக இருந்தது. அடி விழும் இடத்தில் 'தொம்' என்று வராமல் 'பரக்' என்று வந்தது. தலை தட்டையான அலைக்குக் குரல் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பழைய மேசை ஞாபகம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை! திரும்பும் வழியில் சிம்பாங் அம்பாட் தாண்டியதும் ஒரு கருகல் வாடை. முதலில் வார்னிஷ் தீய்ந்த மாதிரி, பூட்டின் பக்கமிருந்து. "பாட்டி, நாத்தம்" என்று பிள்ளை மூக்கைப் பொத்தினாள். அவன் பாட்டைக் குறைத்தான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு வாடை, பிளாஸ்டிக் தீய்கிற வாடை, இது முன்பக்கமிருந்து. பானெட் ஓரத்தில் நீலப் புகை இழையாகக் கிளம்பியது.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புல்தரையில் இறங்கி ஓடினேன். அவன் பானெட்டைத் திறந்து நின்றான், கை நடுங்கியது. "பேட்டரி நெகட்டிவக் கழட்டு! ஸ்பானர எடு! கறுப்பு வயரு, கறுப்பு!" கழற்றினான். புகை அடங்கிற்று. கம்பியின் சிவப்பு உறை ஒரு முழ நீளத்துக்கு உருகித் தொங்கியது. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை. பேத்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமா கார் ஏன் அழுவுது?" என்று கேட்டாள்.

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கார் விளக்குக் கம்பத்தின் கீழ் நின்றது. மகனும் வந்தான், ஒன்றும் பேசாமல்.

முதலில் கம்பி. பேட்டரியிலிருந்து பூட் வரைக்கும் ஐந்து மீட்டர் போகிறது. எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடவில்லை. தகட்டின் விளிம்பு உறையை அரம் போல் அறுத்து, உள்கம்பி காரின் உடம்பைத் தொட்டுவிட்டது. ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று தேடினால், ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில், பூட்டுக்குள், கண்ணாடிக் கூட்டில் அழகுக்கு வைத்திருந்தார்கள்! தொட்ட இடம் முன்னாலே, ஃபியூஸ் பின்னாலே. அது எப்படிக் காப்பாற்றும்? பேட்டரியின் முழு பலமும் அந்த இடத்தில் இறங்கியிருக்கிறது. ஃபியூஸ் பேட்டரிக்கு 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்பிளிஃபயரை அல்ல, கம்பியை. கம்பியைக் காத்தால் காரையும், உள்ளே இருக்கிறவர்களையும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! பார்வைக்குத் தடி, மின்சாரம் கடத்துவதில் அதே தடிமனுள்ள செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது.

அடுத்தது சப்வூஃபர். மீட்டர் முள்ளை ஒன்றில் வைத்தேன், நான்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. சரி, 4 ஓம் சாமான்தான். மற்றதில் முள் அசையவே இல்லை. காயில் கருகி அறுந்துவிட்டது. முதல் வாடை அதுதான்.

"ஏம்மா, 3000 வாட்டுன்னு சொன்னான். 1000 வாட் ஸ்பீக்கர். எப்படிம்மா வெந்துச்சு?"

அவன் அப்படிக் கேட்டது எனக்கு அழுகையாக வந்தது. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, கார் மூடிமேல் வைத்து எழுதிக் காட்டினேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்பதால் அந்தக் கணக்கை இங்கேயும் எழுதுகிறேன்.

பெட்டியின் மூடியில் கடைக்காரர் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஒரு நொடியின் சிறு துணுக்கில் எட்டிப் பார்க்கும் உச்சத்தை 'மேக்ஸ்' என்று போடுகிறார்கள். அதைக்கூடத் தாண்டி வாய்க்கு வந்ததைப் போடுகிறவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது, தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு. 'ஆர்.எம்.எஸ்.' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சப்வூஃபரின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தோம். வெளியே 1000. உள்ளே தாளில், ஆர்.எம்.எஸ். 200. ஆம்பிளிஃபயரில் அந்தச் சின்ன எழுத்தே இல்லை. அப்போது ஃபியூஸைப் பார்க்க வேண்டும். அதில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. ஆக 50. எஞ்சின் ஓடும்போது காரில் ஏறக்குறைய 14 வோல்ட். 50-ஐ 14-ஆல் பெருக்கினால் 700. உள்ளே தொடர்ந்து போகக்கூடியதே 700 வாட். அது பழைய வகை ஆம்பிளிஃபயர். போவதில் பாதியோ சற்று அதிகமோதான் சத்தமாகும், மிச்சம் சூடாகும். ஆக 350, 400 வாட் பெட்டி அது. 3000 எங்கே, 350 எங்கே? பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாற்றுகிறவனும் இருப்பான். ஆனால் சின்ன ஃபியூஸும் பெரிய எண்ணும் ஒன்றாக இருந்தால் அது பொய்தான்.

"350தானேம்மா. ரெண்டு ஸ்பீக்கரும் 400 தாங்குமே?"

நல்ல கேள்வி! அங்கேதான் ஓம் வருகிறது. லயத்துக் குழாயை நினைத்துக்கொள் என்றேன். ஒரு குழாயைத் திறந்தால் ஒரு அளவு தண்ணீர். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் தொட்டியிலிருந்து இரண்டு மடங்கு ஓடும். தண்ணீருக்குத் தடை பாதியாகிவிட்டது அல்லவா? அதுபோல 4 ஓம் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 8 ஓம். அந்த ஆம்பிளிஃபயரின் அடிப்பக்கத்தைத் திருப்பி விளக்கில் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் இணைத்து ஓட்டினால் 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர் மாட்டிவிட்டது 2 ஓம். தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு சுமை! அது கொதித்து, மூச்சு வாங்கி, அலையின் தலையைச் சீவித் தள்ளியிருக்கிறது. சத்தம் போதவில்லை என்று இவன் 'கெயின்' திருகை முழுக்கத் திருப்பி, 'பேஸ் பூஸ்ட்'டையும் ஏற்றியிருக்கிறான். தலை சீவிய அலை, அதே உயரமுள்ள நல்ல அலையைப் போல இரண்டு மடங்கு வரைக்கும் சூட்டைக் காயிலில் இறக்கும். 200 வாட் காயில் வெந்தது அப்படித்தான். ஸ்பீக்கரைப் பெரிய ஆம்பிளிஃபயர்தான் எரிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மூச்சுப் போதாத ஆம்பிளிஃபயரும் எரிக்கும்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "அந்த மீட்டரு ஒன்னோடதா? நான் என்னமோ ஒங்க அண்ணன் விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன்" என்றார். முப்பது வருடத்துக் குடித்தனம்!

தீபாவளி முடிந்து, சம்பளம் வந்த பிறகு ஆம்பிளிஃபயர் வாங்கப் போனோம். இம்முறை நானும் போனேன். வேறு கடை. மிஞ்சியிருப்பது ஒரு சப்வூஃபர். 4 ஓம், 200 வாட். இன்னொன்று பிறகு வாங்கிச் சேர்த்தால் 2 ஓம், 400 வாட். ஆகவே 4 ஓமில் 200-க்குச் சற்று மேலும், 2 ஓமில் 400-ம், இரண்டு எண்ணும் ஆர்.எம்.எஸ். கணக்கில் தெளிவாக எழுதிய ஒற்றைத் தட ஆம்பிளிஃபயர்தான் வேண்டும் என்று கேட்டேன். கடைப்பையன் என்னையும் என் மகனையும் மாறி மாறிப் பார்த்தான். 'சி.இ.ஏ. 2006' முத்திரை உள்ளதாக எடு என்றதும் உள்ளே போய் முதலாளியையே கூட்டி வந்துவிட்டான். அது அமெரிக்க மின்னணுத் தொழிலாளர்... இல்லை, தொழில் நிறுவனங்களின் சங்கம் 2003-இல் கொண்டுவந்த அளவு முறை. (கை பழக்கத்தில் தொழிலாளர் என்றே எழுதுகிறது.) 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒலிச் சிதைவு 1 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் எத்தனை வாட் வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அந்த முத்திரை இல்லாத நல்ல பெட்டிகளும் உண்டு. இருந்தால் மூடியில் உள்ள எண்ணை நம்பலாம்.

'டி' வகை என்று இப்போது வருவதையே எடுத்தோம். அதில் உள்ளே போகும் மின்சாரத்தில் 80 விழுக்காடு அளவுக்குச் சத்தமாகிறது. பழைய இஸ்வாராவுக்கு இது முக்கியம். அதன் ஆல்டர்னேட்டரில் 60 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் போட்டிருந்தது. இரவில், மழையில், விளக்கு, வைப்பர், குளிர்சாதனம் எல்லாம் ஓடினால் அதில் பாதி போய்விடும். 200 வாட் சத்தத்துக்கு 'டி' வகை இழுப்பது 18 ஆம்பியர். 400 என்றால் 36. பாட்டு என்பது விட்டு விட்டு அடிப்பதால் எப்போதும் அவ்வளவு இழுக்காது. ஆனாலும் 400-க்கு மேல் அந்தக் காரில் ஆசைப்படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பையனுக்கு முகம் சுருங்கிற்று. "1000 வாட் வச்சா எப்படி இருக்கும் தெரியுமாம்மா?" தெரியும். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். பணத்தைக் கொட்டினாலும் காது அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளாது.

கம்பி சுத்தச் செம்பு, 4 கேஜ். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 40 ஆம்பியர் ஃபியூஸ். துளையில் ரப்பர் வளையம். தரைக்கம்பியைச் சிறியதாக வெட்டி, பூட் தகட்டின் வண்ணத்தைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் திருகாணி போட்டோம். மாட்டியது அவன்தான். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கெயின். அது சத்தம் கூட்டும் திருகு அல்ல. ரேடியோவின் பலத்துக்கும் ஆம்பிளிஃபயரின் பலத்துக்கும் இணக்கம் பார்க்கும் திருகு. சப்வூஃபர் கம்பியைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டைச் சுழியத்தில் வைத்து, ரேடியோ சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை அவன் கைப்பேசியிலிருந்து ஓடவிட்டோம். 200 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 800. அதன் வர்க்கமூலம் 28-ம் சொச்சமும். மீட்டரை மாறுமின்சார வோல்ட்டில் வைத்து, முள் 28-ஐத் தொடும்வரை கெயினை மெல்லத் திருகி நிறுத்தச் சொன்னேன். அவன் அதைப் பாதிக்கும் குறைவாகவே திருப்பியிருந்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். இனிமே அதத் தொடாதே."

சப்வூஃபரை மாட்டி உருமிப் பாட்டைப் போட்டான். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வடிகட்டி வெட்டிவிட்டதால் குரல் கலக்காமல், அடி மட்டும் வந்தது. 'பரக்' இல்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உருமி ஒரு முனகல் முனகுமே, அது இழுத்துக்கொண்டு வந்து நெஞ்சுக்குள் இறங்கிற்று. சின்ன வயதில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டது. பேத்தி காதைப் பொத்தவில்லை, ஆடினாள். வீட்டுக்காரர் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, "இதுல மின்னல் எஃப்எம் எடுக்குமா?" என்று விசாரித்தார்.

அறுந்த காயிலுள்ள அந்தச் சப்வூஃபர் இன்னும் பின்வாசலில் கிடக்கிறது. இரண்டாவது ஒன்று வாங்க வேண்டும் என்று இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை. அன்றைய புகை அவனுக்கும் மறக்கவில்லை போலும். ஆனால் அவன் நண்பர்கள் வருகிறார்கள். அன்று கூட நின்று சிரித்தானே, அந்தப் பையன்தான் முதலில் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "ஆன்ட்டி, என் காரையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றான். பார்த்தேன். ஃபியூஸ் பூட்டுக்குள்ளேதான் இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீட்டருக்குப் புது பேட்டரி வாங்கி வரச் சொல்லி வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.